காத்திருப்பவரின் கையைக் கட்டாதே!

அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் என்றாலே எல்லைச் சுவரும் போலீஸ் வேட்டையும்தான் பத்திரிகைகளில் தலைப்பாகின்றன. சட்டம் காட்டிய வாசல் வழியே சென்று, மனுப் போட்டு, கட்டணம் கட்டி, மாதக் கணக்கில் காத்துக் கிடக்கிறவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அமெரிக்கப் பிரஜையை மணந்து அங்கேயே வாழ்கிற வெளிநாட்டவர், நிரந்தரமாக வசிக்கும் உரிமை கேட்டு ஐ-485 என்ற மனுவைக் கொடுக்க வேண்டும். 'கிரீன் கார்டு' என்பது அந்த உரிமைச் சீட்டுதான். மனுவுக்கு ரசீது வரும். முடிவு வரும் வரை நாட்டில் தங்கியிருக்கலாம். ஆனால் வேறு அனுமதி இல்லாதவர் வேலை செய்யக் கூடாது! வேலைக்கு ஐ-765 என்ற இரண்டாவது மனு. வெளிநாடு போய்த் திரும்ப ஐ-131 என்ற மூன்றாவது மனு. இவற்றுக்கு உத்தரவு வரும் வரை கையும் கட்டு, காலும் கட்டு.

இருக்கலாம், உழைக்கக் கூடாது என்றால் வயிறு என்ன செய்யும்? வாடகைக்காரர் காத்திருப்பாரா? ஆலை வாசலில் பதிலி வேலைக்குக் காத்து நின்று வெறுங்கையோடு வீடு திரும்பிய தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. முன்பு 1,225 டாலர் கட்டினால் வேலை அனுமதியும் பயண அனுமதியும் அதற்குள்ளேயே அடங்கின. 2024 ஏப்ரல் 1-ல் அமலான விதி மூன்றையும் பிரித்தது. முதல் மனுவுக்கு 1,440, வேலைக்கு 260, பயணத்துக்கு 630, ஆக 2,330 டாலர். அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-க்குப் பிறகு அது ஒரு காசு கூட ஏறவில்லை. அந்தக் கூலியில் 8 மணி நேர வேலைநாள் 40-க்கு மேல் சேர்ந்தால்தான் இந்தக் கட்டணம் தேறும். வேலை செய்யாதே என்று சொல்லிக்கொண்டே 40 நாள் கூலியை வை என்பது எந்த ஊர் நியாயம்?

ஒரு காலத்தில் வேலை அனுமதி மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று விதியே இருந்தது. 2017 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். மனுதாரருக்குக் கெடு உண்டு, சர்க்காருக்குக் கெடு இல்லை! 2025 டிசம்பரில், இத்தகைய அனுமதியின் ஆயுளை 5 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைத்தார்கள். அதற்குச் சற்று முன்பு, அக்டோபர் 30 முதல், புதுப்பிக்க மனுக் கொடுத்தால் பழைய அனுமதி 540 நாள் வரை தானே நீடிக்கும் என்ற ஏற்பாட்டையும் நிறுத்தினார்கள். புதுச் சீட்டு தாமதமானால், வேலையில் இருப்பவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதில் லாபம் யாருக்கு? பசி பொறுக்காமல் அனுமதியின்றி வேலைக்குப் போகிறவரைப் பாருங்கள். அனுமதியில்லாதவரை வேலைக்கு வைப்பது 1986-ம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியின் குற்றம். ஆனால் பயந்து நடுங்குகிறவர் தொழிலாளிதான். பிரஜையின் துணைவருக்கு இந்த வேலை பொதுவாகக் கிரீன் கார்டைத் தடுக்காது; ஆனால் பிரஜையாகாத நிரந்தரவாசியின் துணைவருக்கு மனுவே தள்ளுபடியாகலாம். சங்கம் சேர்ந்ததற்காக நீக்கப்பட்டாலும், வேலை அனுமதி இல்லாதவருக்கு இழந்த கூலி கிடையாது என்று 2002-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வாய் திறக்க முடியாத தொழிலாளியைவிட முதலாளிக்கு வேண்டியது வேறென்ன?

பயணத்தின் கதை இன்னும் கொடிது. ஊரில் தாய் சாகக் கிடக்கிறாள். அனுமதிச் சீட்டு வருமுன் விமானம் ஏறினால் நிரந்தர வாச மனுவைக் கைவிட்டதாகவே கருதுவார்கள். அவசர அனுமதி என்று ஒன்று உண்டு. அதையும் நேரில் போய், சான்று காட்டிக் கேட்க வேண்டும். சீட்டோடு போனாலும் திரும்பும்போது உள்ளே விடுவது அதிகாரியின் விருப்பம். ஆனால் கம்பெனிகள் அழைத்துவந்த எச்-1பி, எல் விசாக்காரர்கள் விசா செல்லும் வரை இந்தச் சீட்டு இல்லாமலே போய்வரலாம். ஒரே மனுவில் இரண்டு நீதி!

வேலையில்லாத மனைவி கணவனின் கையையே பார்த்து நிற்கிறாள். அவளுக்காகக் கொடுத்த விண்ணப்பத்தை அவன் வாபஸ் வாங்கலாம். அடித்துத் துன்புறுத்தப்படும் மனைவி தானே விண்ணப்பிக்க 1994-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது உண்மை. ஆனால் கையில் காசில்லாதவள் எந்த வக்கீலிடம் போவாள்?

போலிக் கல்யாணங்களைத் தடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். தடுக்கட்டும். அதற்கு விசாரணை இருக்கிறது. கல்யாணமாகி 2 ஆண்டு நிறையாதவர்களுக்கு நிபந்தனையோடு 2 ஆண்டுக்கு மட்டுமே உரிமை தரும் 1986-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கல்யாணத்தைச் சோதிக்க அடுப்பை அணைக்க வேண்டுமா?

கோரிக்கை எளியது. மனுவின் ரசீதே வேலைக்கும் பயணத்துக்கும் அனுமதியாகட்டும். தனிக் கட்டணம் ஒழியட்டும். 90 நாள் கெடு திரும்பட்டும். முடிவு சொல்லச் சர்க்கார் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டாலும், அதுவரை உழைத்துச் சாப்பிடவும், பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கவும் மனிதனுக்கு உள்ள உரிமையை நிறுத்திவைக்க எவருக்கும் அதிகாரமில்லை.