திசை தப்பினால் தண்டமா?

ஸ்ரீரங்கத்தில் 'சித்திரை வீதி' என்று மட்டும் எழுதினால் அது முகவரி ஆகாது. கோயிலைச் சுற்றி உத்தர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதையும் தாண்டி அடையவளைந்தான் வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு பக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே பின்கோடு, 620006. போதாதென்று, சித்திரை வீதி மதுரையிலும் இருக்கிறது. 1972-இல் வந்த பின்கோடு பொட்டலத்தைச் சரியான தபால் நிலையத்தில் சேர்க்கும், திசையைச் சொல்லாது. பழைய தபால்காரர் ஆளின் பெயரைப் பார்த்தே வீட்டைக் கண்டுபிடிப்பார். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கூரியர் வேலையில் அதை எதிர்பார்க்க முடியாது.

இப்படித் தப்பும் முகவரிக்குத் தண்டமும் உண்டு. அமெரிக்காவில் யுபிஎஸ், ஃபெடெக்ஸ் போன்ற கூரியர் நிறுவனங்கள் முகவரியைத் திருத்த நேர்ந்தால் ஒரு பொட்டலத்துக்கு 20 டாலருக்கு மேல் அனுப்பியவரிடம் வசூலிக்கின்றன. பொட்டலம் போய்ச் சேர்ந்த பிறகு பில்லில் வந்து நிற்கும் தொகை அது. (அங்கிருந்து ஸ்ரீரங்கத்துப் பேரனுக்குச் சட்டை அனுப்பும் அத்தைக்கு இது தெரியுமா?) அலைச்சலுக்குக் கூலி கேட்பது நியாயம்தான். ஆனால் எழுதிய திசையைப் படிவத்தின் குறுகிய கட்டமே விழுங்கியிருந்தால், அந்தச் செலவு நிறுவனத்தின் கணக்கில்தான் சேர வேண்டும். கட்டணம் போடுமுன் ஒரு போன் செய்து கேட்பதும் அவர்கள் கடமை.

தபால் துறை 2025-இல் டிஜிபின் கொண்டுவந்திருக்கிறது. ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஒரு பத்தெழுத்துக் குறியீடு. அது பழகும்வரை, ஸ்ரீரங்கத்துக்காரர்களே, வீதிப் பெயருக்கு முன்னால் திசையைச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.