நமது பதாகை யாருக்காக?

உரிமை கேட்டு வீதிக்கு வருபவன், தன் சொல் எவருடைய செவியில் விழவேண்டும் என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். இதனை மறந்து ஏந்தப்படும் பதாகை, ஏந்துவோரின் மனத்தை ஆற்றுமேயன்றி வேறொரு பயனும் தராது. இவ்வுண்மையை யான் ஏட்டிற் படித்து அறிந்தவனல்லேன். பிழை செய்து அறிந்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியிலே, சிறுபோகத்துக்கு வாய்க்கால் நீர் கிடையாது வருந்திய கமக்காரர் சிலர், கொழும்பிலிருந்து வரவிருந்த அதிகாரி ஒருவரின் பார்வைக்காக வீதியோரத்திற் பெரியதொரு துணிப்பதாகை கட்டினர். அதன் வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் யானே. மனுவொன்றின் முகப்புப் போல நீண்டு, செந்தமிழில் அமைந்த வாசகம் அது. அதிகாரி வந்தார், வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார், கோயில் திருவிழாவோ என்று சாரதியிடம் வினவிவிட்டுச் சென்றார். சாரதி பின்னர் இதனைச் சொல்லிச் சிரித்தபோது கமக்காரரும் சிரித்தனர். என்னாற் சிரிக்க முடியவில்லை. அவ்வாண்டு நீரும் வரவில்லை.

ஆகவே யாம் இன்று வற்புறுத்துவது இதுதான்: நமது அறப்போராட்டங்களின் பதாகைகளிலே தமிழுக்குக் கீழே சிங்களமும் இடம்பெறல் வேண்டும்.

இதனைக் கேட்டவுடன் சிலர் சினங்கொள்வர் என்பதை அறிவோம். 1956 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் தேதி காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகிகள் அடியுண்டது இதற்காகவா என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் அன்று அவர்கள் எதிர்த்தது யாது? ஒரு மொழியையா, அல்லது அதனைச் சட்டத்தின் வலிமையால் நம்மீது திணித்ததையா? திணிப்பையே எதிர்த்தனர். நமது கோரிக்கையை அயலான் விளங்கிக்கொள்ளும் பொருட்டு நாமே விரும்பி அவன் மொழியில் எழுதுவது அடிமைத்தனமாகுமா? 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அரச அலுவலகப் பலகைகளிலே தமிழ் சிதைந்து கிடக்கும்போது முறையிடும் உரிமையை நாம் ஒருபோதும் கைவிடலாகாது. நமது பலகையை எவ்வாறு எழுதுவது என்பதோ நம் விருப்பத்தைப் பொறுத்தது.

எழுத்தை அழிக்கும் வழியையும் இந்நாடு கண்டிருக்கின்றது. 1957 இல் மோட்டார் வண்டி இலக்கத் தகடுகளிற் சிங்கள 'ஸ்ரீ' புகுத்தப்பட்டது. 1958 இன் முற்பகுதியில் வடக்கிலும் கிழக்கிலும் அவ்வெழுத்து அழிக்கப்பட்டுத் தமிழ் எழுத்து வரையப்பட்டது. தெற்கிலோ தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. மே மாதத்தில் வீடுகள் எரிந்தன. தார் ஒன்றே அக்கலவரத்துக்குக் காரணமென்று எவரும் கூறார். எனினும், பிறர் எழுத்தை அழிப்பதனால் நமது வழக்கு ஓர் அடிதானும் முன்னேறவில்லை என்பதை மறுப்பாருமிலர்.

இதற்கு மாறான காட்சிகளையும் நம் கண்முன்னே கண்டோம். 2017 ஜனவரி இறுதியிற் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் முன்னே, குழந்தை குட்டிகளுடன் இரவு பகலாக வீதியோரத்தில் அமர்ந்தனர். கேட்டது ஒன்றே: எமது காணி எமக்கு வேண்டும். மார்ச் 1 ஆம் தேதி அக்காணி விடுவிக்கப்பட்டது. 2018 ஏப்ரல் 23 ஆம் தேதி இரணைதீவு மக்கள் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டித் தம் தீவிற் சென்றிறங்கினர். வெள்ளைக்கொடிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. 2021 இல் இரசாயன உரத்தடை வந்தபோது வடக்கிலும் தெற்கிலும் கமக்காரர் ஒரே குறையைத் தத்தம் மொழியிற் சுலோக அட்டைகளில் எழுதி நின்றனர். நவம்பரில் அரசு பின்வாங்கிற்று. அன்று இரு சாராரும் ஒருவர் அட்டையை மற்றவர் வாசிக்கக் கூடியதாக இருந்திருப்பின், அந்த ஒற்றுமை உரத்தோடு முடியாது காணிக்கும் நீருக்கும் நீடித்திருக்கலாமல்லவா?

சட்டம் இவ்விடயத்தில் நம் பக்கமே நிற்கின்றது. அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சு, கருத்து வெளிப்பாடு, அமைதியாக ஒன்றுகூடுதல் ஆகிய சுதந்திரங்களை, விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளுக்கு அமைய, வழங்குகின்றது. 1992 ஜூலை 1 ஆம் தேதி நடைபெற்ற 'ஜன கோஷா' ஒலி எழுப்பும் எதிர்ப்பைப் பொலிசார் தடுத்தமை பற்றிய வழக்கில், கருத்து வெளிப்பாடு என்பது வாய்ச்சொல் மட்டுமன்று; சுலோக அட்டை, கொடி, பதாகை, கறுப்புப்பட்டி என்பனவும் அதனுள் அடங்கும் என்று உயர் நீதிமன்றம் 1993 இல் தீர்ப்பளித்தது.

இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் சிலவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும். ஒரு பதாகைக்கு ஒரு கோரிக்கையே போதும். வசைமொழி வேண்டா, ஊரின் பெயர், காணியின் அளவு, இழந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பிறர் மதிலில் அவர் இசைவின்றிக் கட்டாதீர்கள், போக்குவரத்தை மறியாதீர்கள். சிங்கள வாசகத்தை அம்மொழி நன்கறிந்தவரைக் கொண்டு சரிபாருங்கள். நம் தமிழைச் சிதைப்போர்மீது குறைகூறும் நாம் அவர் மொழியைச் சிதைத்தல் தகாது. கட்டியவுடன் படமெடுத்து வையுங்கள். பொலிசார் அதனைப் பறித்தால் கைகலக்காது, நேரத்தையும் உத்தியோகத்தரின் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு உடனே சட்டத்தரணியிடம் செல்லுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பு தரும் தவணை ஒரு மாதமே.

கற்றோர்க்கும் ஒரு வார்த்தை. கமக்காரன் வெயிலில் நிற்கின்றான். அவனுக்கு வாசகம் எழுதித் தருவதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணிய காலம் போதும். அடுத்த போகத்துக்குள் அந்த வாய்க்கால் ஓரத்திலே இரு மொழியிலும் இரண்டே வரியில் ஒரு பதாகை எழும். இம்முறை யானும் அதன் கீழ் நிற்பேன். படித்தோரே, நீங்களும் வாருங்கள்.