எண்ணைக் கட்டாயமாக்கிய அரசும் கட்டணத்தைக் கைவிட்ட ஆணையமும்

வெளிநாட்டு ரோமிங் கட்டணத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆயத்தமாக ஒரு பதில் வருகிறது: விமானம் ஏறுகிறவருக்குத் தொலைபேசிக் கட்டணம் ஒரு பொருட்டா? கல்விப்புலத்தில் ஒன்றோடொன்று உடன்படாத இரு தரப்புகள் இந்தப் பதிலில் மட்டும் கைகோத்துக்கொள்கின்றன. ஒரு தரப்புக்கு இது வசதி படைத்தோரின் முனகல். மறுதரப்புக்கு விலை என்பது சந்தையின் வேலை. வணிகப் பயணி என்றதும் இருவர் மனத்திலும் தோன்றும் உருவம் ஒன்றே. நிறுவனச் செலவில் பறந்து, நிறுவனச் செலவில் பேசி, ரசீதை மட்டும் பத்திரப்படுத்தும் மேலாளர்.

அந்த மேலாளர் இருக்கிறார். சிக்கலே அவரிடத்தில்தான் தொடங்குகிறது. தம் பையிலிருந்து கொடுக்காதவர் விலையைப் பார்ப்பதில்லை. விலையைப் பார்க்காதவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட கட்டணம் எல்லோர் தலையிலும் விழுகிறது. மொராதாபாத்திலிருந்து பித்தளை மாதிரிகளுடன் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஆம்பியன்டே கண்காட்சிக்குச் செல்லும் சிறு ஏற்றுமதியாளர், சூரத்திலிருந்து ஆன்ட்வெர்ப் செல்லும் வைரத் தரகர், கன்டன் கண்காட்சிக்கும் யீவூ சந்தைக்கும் சரக்கு எடுக்கப் போகும் தில்லி சதர் பஜார் வியாபாரி ஆகியோரும் வணிகப் பயணிகளே. இவர்களுக்குத் திருப்பித் தர நிறுவனம் ஏதுமில்லை. நாட்டுக்குள் உலகின் மிக மலிவான இணையத் தரவுகளுள் ஒன்றைப் பயன்படுத்தும் இவர்கள், எல்லையைத் தாண்டியதும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான ரூபாயைப் பேக் என்ற பெயரில் கட்டுகிறார்கள்.

‘அங்கேயே ஒரு சிம் வாங்கிக்கொள்ளலாமே’ என்பது அடுத்த பதில். இந்திய எண் வெறும் பேச்சுக்கருவியாக இருந்தால் அது சரியான பதில்தான். ஆனால் அது அடையாளச் சீட்டாக மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2009 ஆகஸ்டு முதல் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நடைமுறையில் அது குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி ஆயிற்று. ஆதார் சரிபார்ப்பும் வரி இணையதளங்களும் அதே எண்ணையே நாடுகின்றன. செய்திச் செயலிகள் பதிவுசெய்த சிம்முடன் தொடர்ந்து பிணைந்திருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறையும் உத்தரவிட்டது. மோசடியைத் தடுப்பதே நோக்கம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்திய சிம்மைக் கழற்றிவைக்கும் உரிமையைப் பயணியிடமிருந்து படிப்படியாக எடுத்துக்கொண்டது சந்தையன்று, அரசு.

ரோமிங்கில் குறுஞ்செய்தி வருவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லையே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அது வருவதற்கு ரோமிங் வசதி இயங்க வேண்டும், எண் செல்லுபடியாகும் நிலையில் இருக்க வேண்டும். பரிவர்த்தனையில் ஐயம் கொண்டு வங்கி அழைத்தால் அந்த அழைப்பை ஏற்பதற்கே காசு. இரண்டு சிம் வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் மலிவான கைபேசிகள் பலவற்றில் இ-சிம் வசதி இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பயணிகளுக்கு இ-சிம் விற்ற ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய செயலிகளோ 2024 ஜனவரியில் அரசின் உத்தரவால் இந்தியாவில் முடக்கப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது இணைய மோசடி. மாற்றுவழி ஒவ்வொன்றும் பாதுகாப்பின் பெயரால் குறுகும்போது, எஞ்சிய ஒரே வழியின் விலையை மட்டும் ‘விருப்பத் தேர்வு’ என்று அழைப்பது எந்த நியாயம்?

சீனத்தில் இந்த நெருக்கடி இன்னும் துலக்கமாகிறது. அங்கே வாட்ஸாப்பும் கூகுளும் தடுக்கப்பட்டவை. உள்ளூர் சிம் வாங்கும் யீவூ வியாபாரி ஊரிலுள்ள தம் கணக்குப்பிள்ளையுடன் வழக்கமான வழியில் பேச இயலாது. இந்திய சிம்மின் ரோமிங் தரவோ பெரும்பாலும் தாய்நிறுவனத்தின் நுழைவாயிலுக்கு வந்தே இணையத்தை அடைகிறது. ஆகவே அச்செயலிகள் வேலை செய்கின்றன. ரோமிங் அங்கே ஆடம்பரமன்று, தொழிற்கருவி.

விலை ஏன் இப்படி இருக்கிறது? இங்குள்ள நிறுவனம் அங்குள்ள நிறுவனத்துக்கு ஒரு மொத்தவிலை கொடுக்கிறது; அதன்மேல் தன் இலாபத்தை வைத்துப் பயணியிடம் விற்கிறது. அங்குள்ள நிறுவனத்துக்குப் பயணி வாடிக்கையாளர் அல்லர். அவர் மனம் கோணினால் அதற்கு இழப்பில்லை. இங்குள்ள நிறுவனத்துக்கும் அவசரமில்லை. ஆண்டில் பத்து நாள் பயணத்துக்காக எவரும் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதில்லை. பேரம் பேசிப் பெறும் தள்ளுபடிகள் இரகசிய ஒப்பந்தங்களுக்குள் கிடக்கின்றன. போட்டி விலையைக் குறைக்கும் என்ற பாடம் பொருந்தாத இடங்களுக்குப் பொருளியல் வகுப்பில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஐரோப்பிய ஒன்றியம் சந்தைக்காகக் காத்திருக்கவில்லை. 2007இல் வெளிச்செல்லும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சென்ட், உள்வரும் அழைப்புக்கு 24 சென்ட் என உச்சவரம்பு விதித்தது. 2010இல், பயணி வேறு வரம்பைத் தேர்ந்தாலொழியத் தரவுச் செலவு 50 யூரோவில் நிற்க வேண்டும் என்றது. 2017 ஜூன் 15 அன்று ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்கான கூடுதல் கட்டணத்தையே ஒழித்தது. நிறுவனங்களுக்கிடையிலான தரவு மொத்தவிலைக்கும் வரம்புண்டு: 2022இல் ஜிகாபைட்டுக்கு 2 யூரோ, 2027இல் 1 யூரோ. பிரிட்டன் வெளியேறியபின் நடந்ததும் கவனிக்கத்தக்கது. 2022இல் இஇ, த்ரீ போன்ற நிறுவனங்கள் ஐரோப்பிய ரோமிங் கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தன. கோபுரங்கள் அதே கோபுரங்கள், கேபிள்கள் அதே கேபிள்கள். மாறியது சட்டம் ஒன்றே.

இந்தியா தனி நாடு, வெளிநாட்டு மொத்தவிலையை ட்ராய் கட்டுப்படுத்த இயலாது என்பது மறுதரப்பின் வலுவான வாதம். அதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் ஒன்றியத்தை விட்டு விலகிய அதே பிரிட்டன், 2021இல் நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் நாடுகளுடன் செய்த வர்த்தக ஒப்பந்தத்தில் ரோமிங் உச்சவரம்புக்கு இடம் கண்டது. 2022 மே முதல் அமீரகத்துடன் விரிவான பொருளாதார ஒப்பந்தத்தை நடைமுறையில் வைத்திருக்கும் இந்தியாவுக்கு அத்தகைய பேரத்துக்கு மேசை இல்லை என்று சொல்ல முடியாது. கோடிக்கணக்கான வாடிக்கையாளரைக் கொண்ட மூன்று நான்கு நிறுவனங்களின் நாட்டுக்குப் பேரவலிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்? நாட்டுக்குள் மாநிலம் தாண்டினால் ரோமிங் கட்டணம் வசூலித்த காலம் ஒன்றிருந்தது. அதையும் முதலில் ட்ராயின் உச்சவரம்புகளே கீழிறக்கின.

வெளிநாட்டு ரோமிங்கில் மட்டும் ட்ராய் கட்டணத்தை நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டுவைத்தது. அது குறித்த ஆலோசனைத் தாளை வெளியிட்டது 2020 மே மாதத்தில். அப்போது இந்தியாவின் வழக்கமான பன்னாட்டு விமானங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டிருந்தன.

சில்லறைக் கட்டண உச்சவரம்பு நாளையே வந்துவிடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நாடுவாரியாக இந்திய நிறுவனங்கள் செலுத்தும் சராசரி மொத்தவிலையை ஆண்டுதோறும் வெளியிடச் செய்வதற்கு எந்த வெளிநாட்டின் இசைவும் வேண்டியதில்லை. குறுஞ்செய்தி ஓடிபியை மட்டும் நம்பியிராத சரிபார்ப்பு முறைகளுக்கு 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும்படி ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் இடமளிக்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் வாடிக்கையாளருக்கு அத்தகைய மாற்றுமுறையை வங்கிகள் கட்டாயமாக வழங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது மிச்சமிருக்கும் வேலை. இவ்விரண்டையும் செய்யாதவரை, சிம்மைக் கழற்றவும் விடாமல் அதன் விலையைக் கேட்கவும் விடாமல் பயணியை நிறுத்திவைத்திருப்பது யார் என்ற கேள்விக்கு விடை நிறுவனங்களின் அலுவலகங்களில் இல்லை, புதுதில்லியில்தான் இருக்கிறது.