பூட்டிய வீடும் மூடிய கிணறும்

ஆண்டில் பதினொரு திங்கள் பூட்டிக் கிடந்து ஒரு திங்கள் மட்டும் திறக்கப்படும் இல்லத்தை வீடென்பதா, விடுமுறை விடுதியென்பதா? யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியைப் பொறுத்தவரை இவ்வினா வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எத்தனையோ வளவுகளின் எதிர்காலம் இதற்கு நாம் அளிக்கும் விடையிலே தங்கியிருக்கின்றது.

இந்நிலை ஒருநாளில் வந்ததன்று. தீவார் நெடுங்காலமாகவே பிழைப்பை நாடி வெளியூர் சென்றவர்கள். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் வணிகஞ் செய்து, ஈட்டிய பொருளை ஊருக்கு அனுப்பிக் கல்வீடு கட்டினார்கள். எனினும் அக்காலத்திற் பொருள் தேடப் போனவர் ஒருவர்; வீட்டில் இருந்தவர் பலர். மாலையில் விளக்கேற்ற ஆளிருந்தது. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே போர் தீவுகளுக்குள் நுழைந்தபோதுதான் குடும்பங்கள் கூண்டோடு பெயர்ந்தன. 2009 இல் போர் முடிந்தபின் மீண்டவர் சிலர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வேரூன்றிவிட்டவர் பலர். அவர்களே இப்போது கோடை விடுமுறையிற் பிள்ளைகளோடு வருகின்றார்கள். சிலர் பழைய வீட்டைத் திருத்துகின்றார்கள். சிலர் அதனை இடித்து மாடிவீடு எழுப்புகின்றார்கள்.

இதனைப் பகட்டென்று பழிப்பாரும் உளர். அது எமக்கு உடன்பாடன்று. முற்றத்தில் விழுந்த பனம்பழத்தைச் சுட்டுத் தின்று, வாயெல்லாம் மஞ்சளாக நிற்கும் சிறுமிக்கும், குறிகட்டுவானிற் படகேறி அலையைக் கண்டு ஆர்ப்பரிக்கும் சிறுவனுக்கும் கிடைக்கும் இன்பம் பொய்யன்று. பாட்டனின் ஊரைப் பேரன் விரும்பும் வழி அதுவே. எமது குறையெல்லாம், அவ்வின்பத்தை நுகர்வோர் வீட்டைப் பேணும் வகையை அறியாதிருக்கின்றனரே என்பதுதான்.

பணம் அனுப்பினால் வீடு நிற்கும் என்பது பெரிய மயக்கம். தீவுக்காற்றில் உப்பிருக்கின்றது. அவ்வுப்பு கொங்கிறீற்றின் உள்ளே புகுந்தால் இரும்புக்கம்பி துருவேறிப் பருத்துத் தூணையே பிளந்துவிடும். முருகைக்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு எழுப்பிய பழஞ்சுவர் ஈரத்தை வாங்கினாலும் திரும்ப வெளிவிடும். அழகு கருதி அதன்மேற் சீமெந்து பூசுவோர், ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைத்துச் சுவரை உதிரச் செய்கின்றனர். கார்த்திகை மழையில் ஓர் ஓடு விலகினால், வீட்டிலிருப்பவர் மறுநாளே ஏறிச் சரிசெய்வார். பூட்டிய வீட்டிலோ அது ஆடி மாதத்திலேதான் தெரியவரும். அதற்குள் வளை உளுத்துவிடும். நாள்தோறும் விளக்குமாறு படும் சுவரிற் கறையான் புற்றெடுப்பதில்லை. வீட்டைக் காப்பது காசன்று; கண்ணும் கையுமே.

கிணற்றின் நிலை இதனினும் கவலைக்குரியது. தீவின் நன்னீர், மழையால் ஊறி நிலத்தடி உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றாற் கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நன்னீர் உண்டு என்பது நிலநீர் ஆராய்ந்தோர் கணக்கு. ஆகவே மேலே ஓரடி குறைந்தால், நாளடைவிற் கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே இப்படலத்தை நிரப்புவது. விருந்தினர் வந்திறங்கும் ஆடி, ஆவணியோ கிணறு மிகத் தாழ்ந்திருக்கும் காலம். துலாவால் இறைத்த நாளில் தேவைக்கு அளவு இருந்தது. இன்று நீரிறைக்கும் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஒரு வாரத்து நீரை மேல்மாடித் தொட்டிக்கு ஏற்றிவிடுகின்றது. குழந்தைகள் குளித்து மகிழ்கின்றனர். அயல்வீட்டுக்காரர் பவுசர் கொண்டுவரும் நீருக்குக் குடத்தோடு காத்து நிற்கின்றனர். விடுமுறை முடிந்ததும் வளவின் வாயில் பூட்டப்படுகின்றது. கிணறு சருகு விழுந்து பாசி பிடித்து, எவருக்கும் பயனின்றிக் கிடக்கின்றது.

தீவிலே விடுமுறைக் குடில் வைத்திருப்பதைத் தம் வாழ்க்கை முறையாகவே கொண்டோரிடம் நாம் கற்கத் தக்கது உண்டு. பின்லாந்து நாட்டில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் குடில்கள் இருக்கின்றன. மூமின் கதைகளால் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் தோவே யான்சொன், 1960களின் நடுப்பகுதியிற் பின்லாந்து வளைகுடாவின் கிளோவ்ஹாரு என்னும் சிறு பாறைத்தீவில் ஓரறைக் குடிலொன்றை அமைத்தார். மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத அவ்விடத்தில், தம் துணைவியான ஓவியர் துலிக்கி பியெதிலாவுடன் முப்பதுக்குச் சற்றுக் குறைந்த கோடைகளைக் கழித்தார். விறகு பிளப்பதும் வலை வீசுவதும் குடிலைச் செப்பனிடுவதும் அங்கே ஓய்வுக்கு இடையூறாகக் கருதப்படவில்லை, அவையே ஓய்வாயின. முதுமையால் அவ்வேலைகள் இயலாமற்போகவே, 1990களின் தொடக்கத்தில் தீவை விட்டு நீங்கினர். அக்குடில் அவ்வூர் மரபுரிமைச் சங்கத்தின் கைக்குச் சென்றது. பேண இயலும்வரை பேணுவது, இயலாதபோது பேண வல்லார் கையில் ஒப்படைப்பது என்னும் இவ்விரண்டும் நமக்கு வேண்டியவை.

"ஊரவரைக் குடியிருத்தினாற் காணி பறிபோய்விடுமே" என்று அஞ்சுவோர் பலர். பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்னும் சட்டத்தை நினைந்தே இவ்வச்சம் எழுகின்றது. போரினால் அகன்றோருக்கு இவ்விடயத்தில் நிவாரணம் அளிக்க 2016 இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும், உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவரின் இருப்பு எதிரிடை ஆட்சி ஆகாது. நொத்தாரிசு முன்னிலையில் உடன்படிக்கை எழுதிக்கொண்டால், வீடில்லாத ஒரு குடும்பம் பின்கட்டில் வாழலாம். முன்கட்டு விடுமுறைக்கு வருவோருக்காகக் காத்திருக்கலாம். நான்கு நாடுகளிற் சிதறிய உடன்பிறந்தோர் முதுசக் காணியைப் பங்கிடாது இழுத்தடிக்கும் வழக்கையும் இவ்விடத்தே கைவிடுதல் நன்று. எல்லாருக்கும் உரிய வீடு என்று சொல்லிச் சொல்லியே எவரும் கூரை மேயாத வீடுகள் பல.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதன்று. வரும் மாதத்தில் முதல் வாரத்தையாவது வீட்டின் வேலைக்கு ஒதுக்குக. மழைக்கு முன் ஓடு மாற்றவும் வேலி அடைக்கவும் ஆடி ஆவணியே உகந்த காலம். பிள்ளைகளும் கதியால் நடப் பழகட்டும். கூரைநீரைத் தொட்டியிற் சேர்க்க வழி செய்க. இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துக் கிணற்றின் ஊற்றை மதித்து நீர் கொள்க. புறப்படும்போது வீட்டைப் பூட்டினாலும் கிணற்றடிக்கு அயலார் வரும் வழியைத் திறந்து வைக்குக. அள்ளுவோர் இருந்தாற் கிணற்றைத் துப்புரவாக வைத்திருப்போரும் இருப்பர்.

இவை நடைபெறுமாயின், ஆண்டில் ஒரு திங்களே நாம் தங்கினாலும் அது வீடுதான். நடைபெறாவிடின், எத்தனை மாடி எழுப்பினும் அது வெளவாலுக்குக் கட்டிய மண்டபமே.