அலமாரியில் அடைபட்ட ஒரிஜினல்

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் நேர்காணல் அறை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் போன பெண், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டார். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்றார்கள். "முதல்ல பேஷண்டைப் பார்ப்பேன், அப்புறம்தான் மிஷினை" என்றாராம், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். எதிரே இருந்தவர் தலையாட்டினார். அடுத்து அவர் கேட்டது ஒரிஜினலை. பெண்ணின் ஃபைலில் இருந்ததெல்லாம் ஜெராக்ஸ்.

பி.எஸ்சி. நர்சிங் பட்டம், மதிப்பெண் பட்டியல்கள், செவிலியர் கவுன்சில் பதிவுச் சான்று எல்லாமே அவர் இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனையில் இருக்கின்றன. சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க, இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுத்த பாண்ட் முடிய வேண்டும், இல்லையென்றால் பணத்தைக் கட்ட வேண்டும்.

இதற்கு நிர்வாக நடைமுறை என்று பெயர் சொல்கிறார்கள். ஒருவர் உழைத்துப் பெற்ற பொருளை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, விடுதலைக்கு விலை சொல்வதை ஊரில் வேறு பெயரால் அழைப்பார்கள். கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை மருத்துவமனைக்கு எங்கிருந்து வந்தது?

நிர்வாகங்கள் ஒரு நியாயம் சொல்வதுண்டு. படித்து முடித்த கையோடு வருகிறார்கள், ஐ.சி.யு. வேலையைக் கற்றுக்கொடுத்த ஆறாவது மாதம் கிளம்பிவிடுகிறார்கள் என்று. பொய்யில்லை. ஆனால் ஏன் கிளம்புகிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம். அந்தப் பரிந்துரையை நடைமுறைப்படுத்தியிருந்தால் பீரோவுக்குப் பூட்டு தேவைப்பட்டிருக்காது.

ஒரிஜினல் கைக்கு வந்தாலும் வழி திறந்துவிடாது. தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிந்தவர் கர்நாடகத்தில் வேலை பார்க்க, இங்கே என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மறுபடி பதிய வேண்டும். இரண்டு கவுன்சிலுக்கும் கட்டணம், நடுவில் காத்திருப்பு. ஊசி போடும் கை ஒசூரைத் தாண்டினால் மாறிவிடுமா? நமது செவிலியர் சட்டம் 1926-ல் வந்தது. சென்னை மாகாணத்துக்கென்று எழுதியது. 2023-ல் நாடாளுமன்றம் தேசியச் செவிலியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, நாடு முழுமைக்கும் ஒரு பதிவேடு என்றது. அந்தப் பதிவேட்டின் பலன் பஸ்ஸில் போகும் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டும். இரண்டாவது கட்டணத்தை ரத்துசெய்வதிலிருந்து தொடங்கலாம்.

போய்ச் சேர்ந்த இடத்திலும் மரியாதை உறுதியில்லை. 2021 ஜூனில் டெல்லியின் ஓர் அரசு மருத்துவமனை, பணி நேரத்தில் செவிலியர் மலையாளம் பேசக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே திரும்பப் பெற்றது. கொரோனா காலத்தில் இதே பெண்களுக்குத்தான் பால்கனியில் நின்று கைதட்டினோம்.

சான்றிதழைப் பூட்டி வைக்கும் மருத்துவமனை குற்றவாளி என்பதில் நமக்கு ஐயமில்லை. "பெரிய ஆஸ்பத்திரி, பகைச்சுக்காதே" என்று மகளை அடக்கும் வீடுகளுக்கும், வேலைக்கு அனுப்பும்போதே "எல்லா இடத்துலயும் வாங்கத்தாம்மா செய்வாங்க" என்று பழக்கிவிடும் கல்லூரிகளுக்கும் அதில் பங்குண்டு. மருத்துவமனைகளுக்கு உரிமம் வழங்குவது அரசு. அதைப் புதுப்பிக்க வரும்போது, ஊழியர் எவருடைய அசல் சான்றிதழும் எங்களிடம் இல்லை என்று ஓர் உறுதிமொழி எழுதி வாங்கட்டும். பொய் என்று தெரிந்தால் உரிமம் ரத்தாகட்டும்.

பெங்களூர்க்காரர்கள் அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து நாள் தவணை கொடுத்தார்கள். தவணை முடிந்த இரவு அவர் பழைய வார்டிலேயே நைட் டூட்டியில் இருந்தார். இரண்டு மாடிக்குக் கீழே, மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் சாம்பல் நிற பீரோ. மேலிருந்து இரண்டாவது தட்டு என்று அவருக்குத் தெரியும். சேர்ந்த அன்று அவர் கண்முன்தான் வைத்துப் பூட்டினார்கள்.