1732-ஐ யார் கேட்பது?

1729 என்னும் எண்ணின் கதையை அறியாத வாசகர் நம்மிடையே அரியர். ஒன்றின் கனத்தோடு பன்னிரண்டின் கனத்தைக் கூட்டினாலும், ஒன்பதின் கனத்தோடு பத்தின் கனத்தைக் கூட்டினாலும் வருவது அதுவே. நோய்ப்படுக்கையில் இருந்த இராமானுஜன் இதைச் சட்டென்று சொன்னார் என வியந்து, கதையை அங்கேயே முடித்துவிடுகிறோம். அடுத்து நிற்கும் 1732 இரு முழு எண்களின் கனங்களைக் கூட்டி வருமா என்று நாம் கேட்பதில்லை.

வராது. இதை அறியத் தெய்வ அருள் வேண்டியதில்லை, மீதி போதும்.

நன்னிலத்துக் களங்களில் நெல்லைக் கலக்கணக்கில் அளந்த தலைமுறைக்கு இது தெரியும்: குவியல் எத்துணைப் பெரிதாயினும், கலங்கள் போக எஞ்சுவது பன்னிரண்டு மரக்காலுக்குள் அடங்கும். எண்களும் அவ்வாறே. எந்த முழு எண்ணையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2 என மூன்றில் ஒன்றே. மீதி 0 எனில் அவ்வெண்ணின் கனம் 9-ஆல் மீதியின்றி வகுபடும். மீதி 1 எனில், கனத்தை விரிக்கும்போது இறுதியில் நிற்கும் 1 தவிர ஏனைய உறுப்புகள் யாவும் 9-இன் மடங்குகள். மீதி 2 எனில் அவ்வாறே 8 மட்டும் எஞ்சும். ஆக, 9-ஆல் வகுத்தால் கனங்கள் தரும் மீதி 0, 1, 8 மட்டுமே. இவற்றுள் எந்த இரண்டைக் கூட்டி வகுத்தாலும் 0, 1, 2, 7, 8 தவிர வேறு மீதி வாராது. 1732 தருவதோ 4. எண்ணற்ற எண்களைப் பற்றிய வழக்கு மூன்றே நிலைகளில் தீர்ந்தது.

தமிழ் கற்றோர்க்கு இம்முறை அயலானதன்று. சொற்கள் எண்ணிறந்தன, நன்னூலோ மொழிக்கு ஈறாகும் எழுத்துகளை இருபத்து நான்காக வகுத்துக்கொண்டு, புணர்ச்சி முழுமைக்கும் விதி சொல்கிறது. சொல்லுக்கு ஈறு எப்படியோ, எண்ணுக்கு மீதி அப்படி.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனும் நிறுவியவரே. நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 5-ஆல் வகுக்க 4 எஞ்சும் எந்த எண்ணுக்கும் இவ்வகைகளின் தொகை 5-ஆல் வகுபடும் என்பதற்கு 1919-இல் வெளியான கட்டுரையில் அவர் நிறுவல் தந்தார். நாமகிரித் தாயாரின் பெயரைச் சொல்லி அவ்வுழைப்பை மறைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. 1729-ஐ மாணவர்க்குச் சொல்லும்போது 1732-ஐயும் சேர்த்தே சொல்வோம்.