மை ஃபாதர் இஸ் லேட்!

எங்கள் எதிர்வீட்டுப் பெண் ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஒரு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணல் ஆன்லைனில். பெற்றோரும் உடன் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அப்பா இல்லை. 2019இல் தவறிவிட்டார். அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா எங்கே?" என்று அந்தப் பக்கம் இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"மை ஃபாதர் இஸ் லேட், சார்" என்றாள் இவள்.

"நோ ப்ராப்ளம். வீ கேன் வெயிட்" என்று பதில் வந்தது. பரவாயில்லை, காத்திருக்கிறோம்!

"என்னடி சொல்றாங்க?" என்று அம்மா காதருகில் கேட்க, அவளுக்கு வாயே வரவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "சரி, ஆரம்பிக்கலாம்" என்று அவர்களே கேள்விகளைத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று மாலை என்னிடம் வந்தாள். "அத்தை, நான் சொன்னதுல என்ன தப்பு? ஸ்கூல்ல ஃபார்ம் எழுதும்போதெல்லாம் அப்பா பேருக்கு முன்னாடி 'லேட்'னுதானே எழுதினேன்? இப்போ எங்கப்பாவுக்கு அக்கறை இல்லாம வரலைன்னு நினைச்சிருப்பாங்களோ?"

நியாயமான கேள்வி. அவள் பயன்படுத்திய சொல் தப்பில்லை. அதை வைத்த இடம்தான் தப்பு.

லேட் என்ற பெயரடைக்கு 'தாமதமான' என்றும் பொருள் உண்டு, 'மறைந்த' என்றும் பொருள் உண்டு. எது எப்போது என்பதை வாக்கியத்தில் அது நிற்கும் இடம்தான் சொல்லும். ஒருவரைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் ஒட்டி நின்றால் 'மறைந்த'. மை லேட் ஃபாதர் என்றால் மறைந்த என் அப்பா. இஸ், வாஸ் போன்ற சொற்களுக்குப் பின்னால் போய் நின்றால் 'தாமதம்'. மை ஃபாதர் இஸ் லேட் என்றால் அப்பா வந்துகொண்டிருக்கிறார், இன்னும் வந்து சேரவில்லை. அதனால்தான் அவர்கள் காத்திருக்கிறோம் என்றார்கள்.

இந்தப் பெண் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. போட்ஸ்வானா போன்ற தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகளின் ஆங்கிலத்தில், இறந்துவிட்டார் என்பதற்கு 'ஹி இஸ் லேட்' என்றே சொல்வதுண்டு. ஆனால் மற்ற இடங்களில் அப்படிச் சொன்னால், கேட்பவர் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

தாமதத்துக்கும் மரணத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'மெதுவான' என்று பொருள். மெதுவாக வருபவர் தாமதமாகத்தானே வருவார்? காலப்போக்கில் 'அண்மையில்' என்ற பொருளும் சேர்ந்தது. 'அண்மைக்காலம்வரை நம்மோடு இருந்தவர்' என்று மறைந்தவரைக் குறிப்பது 15ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. நாமும் 'காலமானார்', 'காலஞ்சென்ற' என்று காலத்தை வைத்துத்தானே சொல்கிறோம்!

இந்த 'அண்மை' என்ற பொருளை நினைவில் வைத்துக்கொண்டால், ஷேக்ஸ்பியருக்கு முன்னால் லேட் போடத் தோன்றாது. அவர் 1616இல் மறைந்தவர். இத்தனை ஆண்டுகளுக்குள் என்று கறாரான கணக்கு எதுவும் கிடையாது. அவர் மறைந்தது கேட்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்றால் போடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த பழைய செய்தி என்றால் தேவையில்லை.

இன்னும் சில கவனங்கள்:

பெயரோடு சேர்த்து வாக்கியத்தில் எழுதும்போது முன்னால் 'தி' வேண்டும்: தி லேட் மிஸ்டர் ராமன். மை, ஹர் போன்ற சொல் இருந்தால் 'தி' வேண்டாம்: ஹர் லேட் ஹஸ்பண்ட்.

கல்யாணப் பத்திரிகைகளில் லேட் என்று எழுதி, இனிஷியலுக்கு வைப்பதுபோல ஒரு புள்ளியும் வைக்கிறோம். அது எதன் சுருக்கமும் அல்ல, முழுச் சொல். புள்ளி வேண்டாம்.

லேட் ஹஸ்பண்ட் வேறு, எக்ஸ் ஹஸ்பண்ட் வேறு. முதலாமவர் மறைந்துவிட்டவர். இரண்டாமவர் விவாகரத்தாகிப் பிரிந்தவர். மாற்றிச் சொன்னால் பெரிய சங்கடம்.

'எக்ஸ்பயர்ட்' என்றும் நம் பக்கம் நிறையப் பேர் சொல்கிறார்கள். இறந்தார் என்ற பொருள் அதற்கு அகராதியில் உண்டு. ஆனாலும் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் மாத்திரை அட்டையும் டிரைவிங் லைசென்ஸும்தான் நினைவுக்கு வரும். 'பாஸ்ட் அவே' மென்மையானது. 'டைட்' என்று நேராகச் சொல்வதிலும் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தாமதம் என்ற பொருளில் சொல்லும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. ஸ்லோ என்பது ஸ்லோலி ஆவதுபோல, 'லேட்டாக' என்பதற்கு லேட்லி என்று சொல்லிவிடுகிறோம். தாமதமாக வந்தேன் என்பதற்கு ஐ கேம் லேட் என்பதே போதும். லேட்லி என்றால் 'சமீபகாலமாக'. ஐ ஹேவ் நாட் சீன் ஹர் லேட்லி என்றால், சமீபகாலமாக அவளைப் பார்க்கவில்லை. பள்ளிக்கு, வேலைக்கு என்னும்போது 'ஃபார்' சேர்த்து லேட் ஃபார் ஸ்கூல், லேட் ஃபார் வொர்க் என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம் பேசிவிட்டு, அன்றிரவே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தோம். நீளமாக விளக்கம் எழுத ஆரம்பித்தவளை நிறுத்தி, இரண்டே வாக்கியம் போதும் என்றேன். அவளே எழுதினாள்: "மை ஃபாதர் பாஸ்ட் அவே இன் 2019. மை மதர் வாஸ் வித் மீ டுடே."

மறுநாள் காலையிலேயே வருத்தம் தெரிவித்துப் பதில் வந்துவிட்டது. அதை வாசித்து, தமிழில் அம்மாவுக்கும் சொன்னாளாம். உதவித்தொகை முடிவு இன்னும் வரவில்லை. "அது வரும்போது வரட்டும் அத்தை. அப்பாவைப் பத்தித் தப்பா நினைக்க மாட்டாங்க, அது போதும்" என்றாள்.

இந்த வாரப் பயிற்சி. இவற்றைத் திருத்துங்கள்:

1. ஹிஸ் கிராண்ட்மதர் இஸ் லேட் சின்ஸ் 2020. (பாட்டி இறந்துவிட்டார்.)
2. தி பஸ் கேம் லேட்லி டுடே.

விடைகள்: 1. ஹிஸ் கிராண்ட்மதர் டைட் இன் 2020. 2. தி பஸ் கேம் லேட் டுடே.